அரிவாளுக்கு எந்த வாய் வைப்பது? பல வருடம் வெட்டிப் பார்த்ததில் தெரிந்தது

"அண்ணே, பட்டறையில் அரிவாள் சொல்லப் போறேன். ஹாலோ கிரைண்ட் வைக்கச் சொல்லவா, ஃப்ளாட்டா? வீடியோவில் எல்லாரும் ஹாலோதான் கூருங்கிறாங்க." புதிதாகத் தோப்பு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டார். ஹாலோ என்றால் வெட்டும் வாய் இரண்டு பக்கமும் குழிந்திருப்பது, ஃப்ளாட் என்றால் நேராகச் சரிந்திருப்பது. அவர் கேட்ட நேரம், என் வெட்டரிவாள் வாய் கெட்டு, பட்டறைக்குப் போய், புது வாயோடு வீடு திரும்பியிருந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நீளம், எடை, பிடி, லாரிப் பட்டாவில் (ஸ்பிரிங் தகட்டில்) அடித்ததா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அரிவாள் வாங்குகிறவர்கள் அவ்வளவையும் விசாரித்துவிடுவார்கள். விசாரிக்காமல் விடுவது வாயின் அமைப்பை மட்டும்தான். 'நல்லா கூரா இருக்கணும்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். பட்டறையில் அவர்கள் பழக்கத்துக்கு ஒன்றை வைத்துக் கொடுப்பார்கள். கூர் என்று நாம் விரல் வைத்துப் பார்ப்பது வாயின் கடைசி நூலளவு. அரிவாள் மரத்தில் இறங்குமா, சிக்குமா, மடியுமா, பல் விழுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த நூலுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாறு மில்லிமீட்டர் கனம்.

என்னிடம் மூன்று இருக்கின்றன. முதலாவது மதுரை–மானாமதுரை சாலையில் உள்ள திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கிய வெட்டரிவாள். முதுகு 6 மில்லி, அகலமான இடத்தில் 55 மில்லி. வாய் இரண்டு பக்கமும் லேசாக உருண்டு புடைத்திருக்கும். இதைத்தான் கான்வெக்ஸ் என்கிறார்கள். இரண்டாவது கடையில் வாங்கிய மெல்லிய வெட்டுக்கத்தி. முதுகிலிருந்து வாய் வரை நேராகச் சரிந்து, கடைசியில் சிறிய சாய்வு வைத்த ஃப்ளாட். மூன்றாவது இளநீர் சீவ மட்டும் வைத்திருக்கும் ஒரு பக்க வாய். ஒரு முகம் தட்டை, மறு முகத்தில் மட்டும் சாய்வு. ஹாலோ, அதாவது இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்த வாயை நான் விலை கொடுத்து வாங்கவில்லை. டவுனில் ஒரு சாணைக் கடை அதை எனக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கான்வெக்ஸ் வாயோடு சீமைக்கருவேலம் வெட்டிப் பார்த்தவருக்கு வேறெதுவும் பிடிக்காது. எங்கள் பக்கம் வேலியோரம், கண்மாய்க் கரை என்று எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்குறுக்காக வெட்டாமல், நாருக்குச் சாய்வாக ஒரு போடு, எதிர்ச் சாய்வாக இன்னொரு போடு. புடைத்த வாய் உள்ளே போகும்போது அந்தப் புடைப்பு மரத்தை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிறது. மரம் அந்தப் புடைப்பை மட்டும்தான் தொடுகிறது. அதற்குமேல் உள்ள தகடு மரத்தைத் தொடாமல் சும்மா நிற்கிறது. இரண்டாவது போட்டில் சிராய் தானாகத் தெறித்து விழும். அரிவாளைப் பிடுங்க வேண்டியதே இல்லை, கை மேலே போனால் அதுவும் கூடவே வந்துவிடும்.

அதே கிளையில் ஃப்ளாட் வெட்டுக்கத்தியைப் போட்டால், முதல் போட்டில் இது இன்னும் ஆழமாகவே இறங்கும். 5 மில்லி முதுகு, 50 மில்லி அகலம் உள்ள தகடு முதுகிலிருந்து நேராகச் சரிந்தால் மொத்தக் கோணம் 6 டிகிரிக்கும் குறைவு. இறங்காமல் என்ன செய்யும்? இறங்கிய பிறகுதான் வேதனை. தகட்டின் இரண்டு முகமும் முழுசாக மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், பச்சை மரம் அப்படியே கவ்விக்கொள்ளும். ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஆட்டும்போது மெல்லிய வாய் பக்கவாட்டில் வளைகிறது. வாய் கெடுவது வெட்டும்போது மட்டும் இல்லை, பிடுங்கும்போதும்தான். நாள் முழுக்க வேலி கழித்துவிட்டு வந்தால் தோள் வலிப்பதற்கு முன்னால் மணிக்கட்டு வலிக்கும், அது இந்தப் பிடுங்கலால்.

ஆனால் வாழைத்தோட்டத்தில் கதை தலைகீழ். தார் வெட்டிய வாழையைச் சாய்க்க, காய்ந்த சருகு கழிக்க, முருங்கைக் கிளை ஒடிக்க, ஃப்ளாட் மாதிரி சுகம் எதுவும் இல்லை. தண்ணீரும் நாரும் நிறைந்த தண்டை இரண்டாகப் பிளக்கத் தேவையில்லை, சீவினாலே போதும். அங்கே கான்வெக்ஸ் தண்டை நசுக்கிக்கொண்டு போகிறது. வெட்டுவாயில் நார் பிசிறு பிசிறாகத் தொங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இளநீருக்கு ஒரு பக்க வாய். வலது கையில் கத்தி, இடது கையில் காய். தட்டை முகம் காயைப் பார்த்து இருக்கும், சாய்வு வெளியே. மட்டை பட்டை பட்டையாக, சீராகச் சீவிக்கொண்டு வரும், காயின் தலை ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் இதில் கை முக்கியம். எங்கள் மச்சான் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதே கத்தி அவர் கையில் போனால் சாய்வு காயைப் பார்க்கும், தட்டை வெளியே போய்விடும். கத்தி காயில் ஏறாமல் வெளிப்பக்கம் வழுக்கி ஓடும். அவரிடம் அதைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் முழங்காலுக்கு ஆபத்து. ஜப்பானில் 'நாதா' என்று ஒரு வெட்டுக்கத்தி உண்டு. அதை ஒரு பக்க வாய், இரு பக்க வாய் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். நம் ஊரிலும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பேர் புழங்குகிற வீட்டில் ஒரு பக்க வாய் வேண்டாம்.

பனையேறிகள் இந்த விஷயத்தை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். அவர்கள் இடுப்புப் பெட்டியில் பாளை அரிவாள் வேறு, மட்டை அரிவாள் வேறு. பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். அதற்கு வாய் அவ்வளவு மெலிதாக இருக்க வேண்டும். அதைப் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவார்கள். அந்த வாயால் மட்டை கழிக்கப் போனால் அன்றைக்கே வாய் போய்விடும். மட்டைக்குக் கனமான வாய் தனியாக இருக்கிறது. ஒரே அரிவாள் எல்லாம் செய்யணும் என்று கேட்பது நாம்தான். மரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவர்கள் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது சாணைக் கடை.

பொங்கலுக்கு முன் வேலி கழிக்க வேண்டியிருந்தது. அரிவாள் லேசாக மழுங்கியிருந்தது. எனக்கு நேரமில்லாததால் டவுனில் கொடுத்தேன். கொடுக்கும்போதே, "வாயை மட்டும் தொட்டுக் கொடுங்க, பக்கத்தில் இருக்கிற உருண்டையை எடுத்துடாதீங்க" என்று சொன்னேன். சரி சார் என்றார்கள். திரும்ப வாங்கியபோது இரண்டு பக்கமும் ஒரு விரலகலம் பளபளவென்று குழிந்திருந்தது. கையில் முடி வழிக்கிற கூர். வாயை ஒட்டி, நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் நீலக்கோடு.

என்ன நடந்தது என்றால், அங்கே இருப்பது 6 அங்குல மின்சாணைச் சக்கரம். நிமிடத்துக்கு 2,800 சுற்று, கல்லின் விளிம்பு வேகம் விநாடிக்கு 22 மீட்டர். வட்டமான கல்லில் தட்டையாகப் பிடித்தால் கல்லின் வளைவு அப்படியே இரும்பில் பதியும். 10 மில்லி அகலத்துக்குத் தேய்த்தால் குழி என்னவோ 0.17 மில்லிதான். அதைவிடப் பெரிய கொள்ளை, உருண்டையை மழிக்க அரிவாளைச் சக்கரத்தில் படுக்கவைத்துப் பிடித்ததில் நடந்தது. வாயிலிருந்து 3 மில்லி உள்ளே, வெர்னியர் அளவுகோலில் 2 மில்லிக்குக் குறையாமல் இருந்த கனம் 1 மில்லியை ஒட்டி வந்துவிட்டது. போதாக்குறைக்கு நீலம். இரும்பு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அந்த நீலம் வரும். வெட்டுகிற வாய்க்கு வேண்டிய பதம் வைக்கோல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில், 230 முதல் 260 டிகிரி வரை. அதைத் தாண்டினால் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்ததில் ஏறிய கெட்டி, இறங்கி வாய் இளகிவிடும். மெலிந்த வாய், அதுவும் இளகிய வாய்.

முதல் நாளே கருவேலங்கிளையின் கணுவில் பட்டு இரண்டு இடத்தில் வாய் மடிந்தது. பல் விழவில்லை, நகத்தால் வருடினால் ஒரு பக்கம் தடுக்கும், மறு பக்கம் வழுக்கும். தகரம் மாதிரி மடிந்திருந்தது. ஒரு கணு! அந்த அரிவாள் எத்தனை கணுவைப் பார்த்திருக்கும்!

அந்தக் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவரிடம் வருவது வீட்டுக் கத்தி, கறிக்கடைக் கத்தி, தையல் கத்தரிக்கோல். அதற்கெல்லாம் மெலிந்த வாய்தான் சரி, முடி வழித்துக் காட்டினால்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். வாசலில் பத்து பேர் நிற்கும்போது தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க அவருக்குப் பொழுது இல்லை. எல்லாம் புரிகிறது. ஆனால் நான் வாய் திறந்து சொன்னேன், அவரும் சரி என்றார். அங்கே வந்துதான் என் நியாயம் நின்றுவிடுகிறது. கோபம் அரிவாள் கெட்டதற்கு மட்டும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் இதே சக்கரம், இதே கை. கான்வெக்ஸ் வாய் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், புடைப்பைப் பார்த்தவுடன் அதை மழுங்கல் என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளிவிடுகிறார்கள். தெருவில் சைக்கிளில் சாணை பிடித்துக்கொண்டு வருகிற பெரியவர்கள் இதைவிட எவ்வளவோ மேல். காலால் மிதித்துச் சுற்றுகிற கல் அவ்வளவு சூடேற்றாது. அவர்களையும் இப்போது அதிகம் பார்க்க முடிவதில்லை.

திருப்பாச்சேத்திப் பட்டறைக்கே கொண்டுபோனேன். ஆசாரி வாயைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீலம் ஓடிய பகுதியையும் மடிந்த பகுதியையும் முழுசாக எடுத்துத் தள்ளினார். அகலத்தில் 4 மில்லி போனது, அது போனதுதான். பிறகு உலையில் வைத்து வாய்ப்பக்கம் செவ்வாரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி, வாயை மட்டும் எண்ணெயில் தோய்த்தார். முதுகில் சூடு மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்து, வாய்ப்பக்கத்தைக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து வெளுப்பாக்கினார். இனி நடப்பதைப் பார்க்கத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். முதுகின் சூடு மெதுவாக வாயை நோக்கி இறங்கும், கூடவே நிறமும் ஓடி வரும். முதலில் வெளிர் வைக்கோல், அதன் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வாய் விளிம்பைத் தொட்டுப் பழுப்பாகத் திரும்பும் நொடியில் மொத்தமாக எண்ணெயில் இறக்கிவிட்டார். வாய் கெட்டி, முதுகு இளக்கம். வாய் தேயாது, முதுகு அடி தாங்கும். தெர்மாமீட்டர் இல்லை, கண் மட்டும்தான். நேபாளத்துக் குக்ரி என்ற வளைந்த கத்தியை அடிக்கிறவர்கள் கெண்டியிலிருந்து வாயோரமாகத் தண்ணீர் ஊற்றித் தோய்ப்பார்கள். அங்கேயும் நோக்கம் இதேதான், குக்ரி வாயும் புடைத்த வாய்தான்.

அப்புறம் அரத்தால் சாய்வு எடுத்து, கல்லில் உருட்டி உருட்டிப் புடைப்பு வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதே கருவேலம், அதே போல ஒரு கணு. வாயில் ஒரு கீறல் இல்லை.

இதைப் பராமரிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கான்வெக்ஸின் உண்மையான விலை இதுதான். மின்சாணை பக்கமே போகக்கூடாது. தட்டையான ஒரு மரக்கட்டையில் பழைய சைக்கிள் டியூப்பை ஒட்டி, அதன் மேல் வாட்டர் பேப்பர் என்கிற தேய்ப்புத் தாள், 220ஆம் நம்பரில் ஆரம்பித்து 400, 600 வரை. வாயை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ளினால் தாள் கிழியும். ரப்பர் அமுங்குவதால் தாள் வளைந்து புடைப்போடு சேர்ந்து போகும். ஒழுங்காகச் செய்தால் ஒரு மாலை நேரம் போய்விடும். விட்டுவிட்டால் அதைவிடப் பாடு. மழுங்கிய கான்வெக்ஸ் போலப் பொல்லாதது இல்லை. மரத்தில் பிடிக்காமல் வழுக்கிக் காலை நோக்கி வரும். ஃப்ளாட் மழுங்கினால்கூட ஏதோ கொஞ்சம் கடிக்கும்.

தேய்ப்புத் தாள் பெல்ட்டாக ஓடுகிற மெஷின் வைத்திருக்கும் லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம். பின்னால் தாங்கல் இல்லாத, தொய்வான பெல்ட் பகுதியில் பிடித்தால் தானாகப் புடைப்பு விழும். ஆனால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாய் கைக்குச் சூடு தெரிந்தால் உடனே முக்க வேண்டும்.

ஹாலோவைப் பற்றி இரண்டு வார்த்தை. சவரக்கத்திக்கு அது சரி. அந்த வாய் மெல்லியதை மெல்லிசாகவே வெட்டப் பிறந்தது. வெட்டரிவாளில் அது உள்ளே வேகமாகப் போய், குழி முடிகிற இடத்தில் தகட்டின் தோள் மரத்தில் முட்டி நின்றுவிடும். ஆழமும் போகாது, சிராயும் தெறிக்காது. வீடியோவில் தண்ணீர் பாட்டிலையும் கயிற்றையும் வெட்டிக் காட்டுகிறார்கள். தோப்பில் தண்ணீர் பாட்டிலா காய்க்கிறது? தம்பி, அது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு நேரம் கான்வெக்ஸைத் தூக்கிப் பேசியவன் அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. பட்டறையில் ஃப்ளாட் கேளுங்கள். முதுகிலிருந்து முழுசாகச் சரிந்த மெல்லிய ஃப்ளாட் இல்லை. தகடு கனமாக, வாய்க்கு மட்டும் நேர்ச் சாய்வு வைத்தது. சாய்வு தொடங்குகிற தோளில் தகட்டுக் கனத்தை அளந்து, சாய்வின் அகலம் அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கச் சொல்லுங்கள். தோளில் 2 மில்லி என்றால் சாய்வு 3 மில்லி. அப்படி வைத்தால் பக்கத்துக்கு 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 39 டிகிரி போல வரும். கருவேலத்துக்கும் தாங்கும், தென்னை மட்டைக்கும் இறங்கும். இந்த அளவைப் பட்டறையில் ஸ்கேல் வைத்தே காட்டிவிடலாம், வாக்குவாதம் வராது. சாணைக் கடையில் ஒரு நாள் மாட்டினாலும், சூடேறி நீலம் ஓடாத வரை, கெடுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை, அதே அளவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கான்வெக்ஸ் கெட்டால் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அகலமும் போகும். என்னுடைய 4 மில்லி போனது போல.

கோபத்தில் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. இன்றைக்கு இதுதான். என் கான்வெக்ஸ் அரிவாளை யாருக்கும் கொடுக்க மாட்டேன், யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

ஒன்று மட்டும். ஃப்ளாட்டை வாங்கி வீட்டில் கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டப் போகிறீர்கள் என்றால், மணிக்கட்டு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆடுகிற கை நேர்ச் சாய்வின் தோளைத் தின்றுகொண்டே வரும். ஓரிரு மழைக்காலம் கழித்து வாயைக் குறுக்காகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், லேசாகப் புடைத்திருக்கும். அதைத் திரும்பத் தட்டையாக்கப் போகாதீர்கள், அப்படியே விடுங்கள். வாய் தீட்டும்போது இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் அதிகம் தேயும்.